ஒழுகும் தளமும் ஓடும் கெடுவும்: வீட்டு வேலைக் குறைபாட்டு வழக்குகளில் காலம் எப்போது தொடங்குகிறது?

1. கேள்வி

மொட்டைமாடியில் வாட்டர் ப்ரூஃபிங் வேலை 2022 ஏப்ரலில் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். காண்டிராக்டர் முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழையில் ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. மறு ஆண்டும் இல்லை. 2024 நவம்பரில் படுக்கையறைக் கூரையில் ஓதம் பூக்கிறது. டிசம்பரில் காரை பெயர்ந்து விழுகிறது. தளத்தை உடைத்துப் பார்த்த வேறொரு பொறியாளர், கைப்பிடிச் சுவரும் தளமும் கூடும் மூலையில் பூச்சே ஏற்றப்படவில்லை என்கிறார். வீட்டுக்காரர் பழைய காண்டிராக்டரிடம் சில மாதங்கள் அலைந்துவிட்டு, 2025 ஜூனில் ஒரு வழக்கறிஞரைப் பார்க்கிறார். அவருக்கு வழக்கு உண்டா?

ஒப்பந்த மீறலுக்கு உரிமையியல் நீதிமன்றத்தில் மூன்றாண்டுகள், நுகர்வோர் ஆணையத்தில் இரண்டாண்டுகள் என்பது பரவலாகத் தெரிந்த விடை. இந்த எண்களை மட்டும் பார்த்தால் உரிமையியல் நீதிமன்றமே தாராளமானது என்று தோன்றும். நம் வீட்டுக்காரர் விஷயத்தில் நிலைமை தலைகீழ். மூன்றாண்டுக் கெடு 2025 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது என்று எதிர்த்தரப்பு வலுவாக வாதிடலாம். இரண்டாண்டுக் கெடுவோ 2026 நவம்பர்வரை உயிரோடிருக்க வாய்ப்புண்டு.

கெடுவின் நீளத்தைவிட அது எந்த நாளில் தொடங்குகிறது என்பதே இவ்வகை வழக்குகளைத் தீர்மானிக்கிறது. நீளத்தைச் சட்டமன்றம் எண்ணில் எழுதிவைத்துவிட்டது. தொடக்க நாளை நீதிமன்றங்கள் ஒவ்வொரு வழக்கிலும் தேடிக்கொண்டிருக்கின்றன. சுவருக்குள் புதைந்த பைப், தளத்துக்கடியில் போன பூச்சு, சீலிங்குக்கு மேல் ஓடும் ஒயர் என்று, வேலை முடிந்ததும் கண்ணுக்கு மறைந்துபோகிறவற்றில் இந்தத் தேடல் எவ்வளவு தடுமாறுகிறது என்பதை இந்தியச் சட்டத்தை மையமாக வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

2. ஒப்பந்த மீறலும் 55ஆம் இனமும்

1963ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டத்தின் அட்டவணையில் 55ஆம் இனம் ஒப்பந்த மீறலுக்கான இழப்பீட்டு வழக்கைப் பற்றியது. கெடு மூன்றாண்டு. ஒப்பந்தம் மீறப்பட்ட நாளிலிருந்து காலம் ஓடத் தொடங்கும். அடுத்தடுத்து மீறல்கள் நடந்திருந்தால் எந்த மீறலுக்காக வழக்குப் போடுகிறோமோ அது நடந்த நாளிலிருந்து. மீறல் தொடர்ந்துகொண்டே இருந்தால் அது ஓய்ந்த நாளிலிருந்து.

இதில் எங்கும் "தெரியவந்த நாள்" என்ற பேச்சே இல்லை. மோசடி, தவறான புரிதல் ஆகியவற்றுக்கு 17ஆம் பிரிவு அத்தகைய சலுகையைத் தருகிறது. வெறும் மோசமான வேலைக்குத் தரவில்லை. மூலையில் பூச்சு ஏற்றாமல் விட்ட காண்டிராக்டர், வேலையை ஒப்படைத்த அன்றே ஒப்பந்தத்தை மீறிவிட்டார். வீட்டுக்காரருக்கு அது தெரியுமா, மழை பெய்ததா, தண்ணீர் இறங்கியதா என்பதெல்லாம் மீறல் நடந்த நாளை மாற்றுவதில்லை. இழப்பு ஏற்படாவிட்டாலும் மீறல் மீறல்தான் என்பது ஒப்பந்தச் சட்டத்தின் பால பாடம். இங்கே அந்தப் பாடமே வீட்டுக்காரருக்கு எதிராகத் திரும்புகிறது.

இந்தச் சட்டத்தின் இறுக்கம் இத்தோடு நிற்கவில்லை. எதிர்த்தரப்பு கெடுவைப் பற்றி வாயே திறக்காவிட்டாலும், கெடு கடந்த வழக்கை நீதிமன்றம் தள்ளுபடி செய்தாக வேண்டும் என்கிறது 3ஆம் பிரிவு. தாமதத்தைப் பொறுத்தருளும் 5ஆம் பிரிவு மேல்முறையீடுகளுக்கும் மனுக்களுக்கும் மட்டுமே. மூல வழக்குக்கு அது கிடையாது. ஓடத் தொடங்கிய காலம் பின்னால் வரும் இயலாமையால் நிற்காது என்கிறது 9ஆம் பிரிவு. கோவிட் காலத்தில் உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான காலத்தைக் கணக்கிலிருந்து நீக்கியது. இந்தச் சுவரில் விழுந்த அரிய விரிசல்களில் அது ஒன்று.

1908ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் வேறொரு பாகுபாடு இருந்தது. சாதாரண ஒப்பந்தத்துக்கு மூன்றாண்டு, பதிவு செய்த எழுத்து ஒப்பந்தத்துக்கு ஆறாண்டு. 1963 சட்டம் அதை ஒழித்து எல்லாவற்றையும் மூன்றாண்டுக்குள் கொண்டுவந்தது. இலங்கையில் 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டம் இதற்கு ஒப்பான ஒரு வேறுபாட்டைக் கொண்டிருக்கிறது: எழுத்து ஒப்பந்தத்துக்கு ஆறாண்டு, வாய்மொழி ஒப்பந்தத்துக்கு மூன்றாண்டு. எழுதி வாங்குகிறவருக்குக் கூடுதல் காலம் தருவது எழுதுவதை ஊக்குவிக்கும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் மதுரையிலோ மட்டக்களப்பிலோ பாத்ரூம் டைல்ஸ் வேலைக்கு யார் ஒப்பந்தம் எழுதுகிறார்கள்? மேஸ்திரி ஒரு துண்டுச் சீட்டில் சதுர அடிக் கணக்குப் போட்டுக் கொடுப்பார். அட்வான்ஸ் ஜிபேயில் போகும். பெரும்பாலான வேலைகளுக்கு அவ்வளவுதான் ஆவணம். வேலை எந்த நாளில் முடிந்தது என்பதே நிரூபிக்க வேண்டிய விஷயமாகிவிடுகிறது. கடைசித் தவணை போன நாளைத்தான் இரு தரப்பும் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். காண்டிராக்டர் தனக்கு வரவேண்டிய கூலிக்கு வழக்குப் போட 18ஆம் இனம் வேலை முடிந்த நாளிலிருந்து மூன்றாண்டு தருகிறது. இரு தரப்புக்கும் ஒரே மூன்றாண்டு, ஏறத்தாழ ஒரே தொடக்க நாள். காகிதத்தில் சமம்தான். ஆனால் எவ்வளவு பாக்கி, எப்போதிலிருந்து பாக்கி என்பது காண்டிராக்டருக்கு முதல் நாளே தெரியும். சுவருக்குள் என்ன புதைந்திருக்கிறது என்பது வீட்டுக்காரருக்குத் தெரியாது.

3. தொடரும் தவறா, தொடரும் விளைவா?

தளம் இன்னும் ஒழுகிக்கொண்டுதானே இருக்கிறது, அப்படியானால் தவறு தொடர்கிறது அல்லவா என்று பாதிக்கப்பட்டவர்கள் கேட்கிறார்கள். 22ஆம் பிரிவின்படி தொடரும் மீறலில் ஒவ்வொரு கணமும் புதிய கெடு பிறக்கிறது. இந்தப் பிரிவைப் பற்றிக்கொண்டு கரையேற முயன்ற வழக்குகள் பல.

இதற்குத் தடையாக நிற்பது ஆளந்தி ஞானேஸ்வர் கோயில் பூசாரிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, 1959இல் வெளியானது. பரம்பரைப் பூசை உரிமையிலிருந்து நீக்கப்பட்டவர்கள், நாள்தோறும் தங்கள் உரிமை மறுக்கப்படுவதால் தவறு தொடர்கிறது என்றார்கள். நீதிமன்றம் ஒரு கோடு கிழித்தது. தவறான செயல் ஓர் இடத்தில் முடிந்துவிட்டு அதன் கேடு மட்டும் நீடித்தால் அது தொடரும் தவறு ஆகாது. கேட்டை உண்டாக்கும் செயலே தொடர்ந்தால்தான் ஆகும். இந்தக் கோட்டை நம் மொட்டைமாடியில் வைத்துப் பார்த்தால் முடிவு கசப்பானது. பூச்சு ஏற்றாமல் விட்டது ஒரு நாளில் முடிந்த செயல். ஒழுகுவது அதன் விளைவு.

2022 ஜனவரியில் வந்த சம்ருத்தி கூட்டுறவு வீட்டுவசதிச் சங்க வழக்கின் தீர்ப்பைக் காட்டி இந்த நிலைமை மாறிவிட்டது என்பவர்கள் உண்டு. மும்பையைச் சேர்ந்த அந்தச் சங்கத்தின் உறுப்பினர்கள் 1997இல் குடியேறினார்கள். குடியிருப்புச் சான்றிதழைக் கட்டுநர் பெற்றுத் தரவேயில்லை. அதனால் கூடுதல் சொத்து வரியும் தண்ணீர்க் கட்டணமும் கட்ட வேண்டிவந்தது. புகார் காலம் கடந்தது என்று தேசிய ஆணையம் தள்ளியதை உச்ச நீதிமன்றம் மாற்றி, இது தொடரும் தவறு என்றது. அங்கே கட்டுநருக்குச் சான்றிதழைப் பெற்றுத் தரும் சட்டக் கடமை இருந்தது. பெறும்வரை அந்தக் கடமை தினமும் மீறப்பட்டது. வேலையை முடித்துக்கொண்டு போன பிளம்பருக்கு அப்படி எந்தக் கடமையும் மிச்சமில்லை. எனவே சம்ருத்தி தீர்ப்பை ஒழுகும் பைப்புக்கு நீட்டுவது ஆசைதான். தர்க்கமாக நிற்காது என்பது என் கணிப்பு.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. பராமரிப்பையும் சேர்த்து ஏற்றுக்கொண்ட நிறுவனத்தின் கடமை வேலை முடிந்த அன்று தீர்ந்துபோவதில்லை. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூர்ய கர் திட்டத்தின்கீழ் கூரையில் சோலார் தகடு பொருத்தும் நிறுவனம் ஐந்தாண்டுப் பராமரிப்பையும் ஏற்க வேண்டும். மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைப்பதைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். வழக்கு என்று வந்தால் மானியத்தைவிட இந்தப் பராமரிப்பு நிபந்தனை மதிப்புள்ளதாக இருக்கலாம். மூன்றாம் ஆண்டில் இன்வெர்ட்டர் நின்றுபோய், அழைத்தும் ஆள் வரவில்லை என்றால், அந்த மறுப்பு நடந்த நாளில் புதிய மீறல், புதிய கெடு.

4. மறந்துபோன 23ஆம் பிரிவு

ஒப்பந்தத்தை விட்டுவிட்டுக் கவனக்குறைவு என்ற தீங்கியல் அடிப்படையில் வழக்குப் போட்டால் என்ன ஆகும்? இந்தக் கேள்வி போதிய கவனம் பெறவில்லை என்று நினைக்கிறேன்.

ஒரு செயல் தன்னளவில் வழக்குக்கு இடம் தராமல், குறிப்பிட்ட தீங்கு விளைந்தால் மட்டுமே இடம் தருமானால், அந்தத் தீங்கு விளைந்த நாளிலிருந்தே கெடு கணக்கிடப்படும் என்கிறது 23ஆம் பிரிவு. 1908 சட்டத்தில் இதற்கு இணையான 24ஆம் பிரிவுக்கு ஓர் உதாரணமும் தந்திருந்தார்கள். ஒரு நிலத்தின் மேற்பரப்பு ஒருவருக்கு, அடிநிலம் இன்னொருவருக்குச் சொந்தம். அடிநிலக்காரர் நிலக்கரி தோண்டுகிறார். அப்போது மேலே எந்தச் சேதமும் தெரியவில்லை. பின்னொரு நாள் நிலம் உள்வாங்குகிறது. உள்வாங்கிய நாளே தொடக்கம். 1963 சட்டம் உதாரணங்களையெல்லாம் களைந்தபோது இதுவும் போனது. இருந்திருந்தால், கூரைக்காரை விழுந்த வழக்கை நடத்தும் ஒவ்வொரு வழக்கறிஞரின் கண்ணிலும் அது பட்டிருக்கும்.

கவனக்குறைவு என்பது சேதம் விளைந்தால்தான் வழக்காகும். ஆகவே 23ஆம் பிரிவையும், வேறெங்கும் சொல்லப்படாத வழக்குகளுக்கான 113ஆம் இனத்தையும் சேர்த்துப் படித்தால், நம் வீட்டுக்காரரின் மூன்றாண்டு 2024 நவம்பரில்தான் தொடங்குகிறது.

இங்கே ஒரு முட்டுக்கட்டை உண்டு. வேலையே மட்டமாக இருப்பது வெறும் பண நட்டம். அது ஒப்பந்தத்தில்தான் தீர வேண்டும், கவனக்குறைவில் அல்ல என்பது இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை 1990இல் மர்ஃபி வழக்கில் எடுத்த நிலை. வேறு சொத்து கெட்டிருந்தால் மட்டுமே கவனக்குறைவு வழக்கு. ஆங்கிலத் தீர்ப்புகள் நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தா; ஆனாலும் வாதத்தில் வந்து நிற்கும். இந்த இடத்தில் புது வீடு கட்டித் தருவதற்கும், இருக்கிற வீட்டில் ஏதேனும் பொருத்தித் தருவதற்கும் உள்ள வேறுபாடு முக்கியமாகிறது. முழு வீட்டையும் கட்டியவருக்கு எதிரான வழக்கில் வீடு முழுவதுமே அவர் செய்த பொருள். "வேறு சொத்து" என்று காட்ட ஒன்றும் இல்லை. இருபது வருடப் பழைய வீட்டின்மேல் பூச்சு ஏற்ற வந்தவரின் வேலை பூச்சு மட்டுமே. அடியில் பெயர்ந்த காரையும் துருப்பிடித்த கம்பியும் அவர் செய்தவை அல்ல. அவை வேறு சொத்து. ஆகவே மர்ஃபி நிலைப்பாட்டை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், பொருத்து வேலைக் குறைபாட்டில் கவனக்குறைவு வழக்குக்கு இடம் இருக்கிறது. பூச்சுக்குக் கொடுத்த பணம் ஒருவேளை திரும்பாது. கூரையைச் சரிசெய்யும் செலவைக் கேட்கலாம்.

கீழ்வீட்டுக்காரர் நிலையும் இதே வழியில்தான் தீரும். மேல்வீட்டுப் பாத்ரூம் ஒழுகித் தன் பீரோவும் மரச்சாமான்களும் கெட்டவருக்குக் காண்டிராக்டரோடு ஒப்பந்தம் கிடையாது. பணம் கொடுத்து அவர் சேவையைப் பெறவும் இல்லை. கவனக்குறைவு ஒன்றுதான் அவர் கையிலுள்ள வழி.

5. நுகர்வோர் ஆணையம்: குறுகிய கெடு, நெகிழும் தொடக்கம்

1986ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை 1993இல் திருத்தியபோது இரண்டு காரியங்கள் ஒன்றாக நடந்தன. "சேவை" என்பதன் வரையறையில் வீடு கட்டுதல் சேர்ந்தது. 24ஏ பிரிவின் மூலம் இரண்டாண்டுக் கெடுவும் சேர்ந்தது. வீட்டுக்காரருக்குக் கதவைத் திறந்துவிட்ட அதே திருத்தம், கதவு அடைபடும் நேரத்தையும் எழுதி ஒட்டியது. அதே ஆண்டு நவம்பரில் லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் வீட்டு வேலை சேவையே என்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டம் 69ஆம் பிரிவில் அதே இரண்டாண்டை வைத்துக்கொண்டது.

ஆணையங்கள் கெடுவை எளிதாக எடுத்துக்கொள்ள முடியாது. எதிர்த்தரப்பு எழுப்பாவிட்டாலும் கெடுவை ஆணையமே பார்த்தாக வேண்டும் என்று 2009இல் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்னது. இருந்தும் இரண்டு வகையில் 69ஆம் பிரிவு 55ஆம் இனத்தைவிட இளகியது. முதலாவது, போதிய காரணம் காட்டினால், அந்தக் காரணத்தைப் பதிவு செய்து தாமதத்தை மன்னிக்கலாம். உரிமையியல் வழக்கில் இது இல்லவே இல்லை. இரண்டாவது, அங்கே எழுதியிருப்பது "மீறல் நடந்த நாள்" அல்ல. வழக்கு மூலம் எழுந்த நாள். வழக்கு மூலம் எப்போது எழுகிறது என்பதைச் சட்டம் வரையறுக்கவில்லை.

அந்த இடைவெளியை நிரப்பிய முக்கியமான தீர்ப்பு வீட்டு வேலையைப் பற்றியது அல்ல, அறுவைச் சிகிச்சையைப் பற்றியது. 1993இல் பித்தப்பைக் கல் அறுவை செய்துகொண்ட ஒருவரின் வயிற்றில் காஸ் துணி தங்கிவிட்டது, 2002இல்தான் அதைக் கண்டெடுத்தார்கள், 2004இல் புகார். உச்ச நீதிமன்றம் 2010இல் சொன்ன விதி இது: தவறின் விளைவு வெளிப்படையாகத் தெரிந்தால் செயல் நடந்த நாளே தொடக்கம், மறைந்திருந்தால், பாதிக்கப்பட்டவர் அதைக் கண்டறிந்த நாள், அல்லது உரிய கவனம் எடுத்திருந்தால் கண்டறிந்திருக்கக்கூடிய நாள். விதி பாதிக்கப்பட்டவர் பக்கம் இருந்தது; முடிவு அப்படி இல்லை. புகார்தாரர் அனுபவமுள்ள செவிலியர். ஒன்பது ஆண்டுகள் வலியோடு இருந்தும் மருத்துவரிடம் போய் முறையாகப் பரிசோதிக்கவில்லை. எனவே காலம் கடந்தது என்று முடிந்தது.

வீட்டு வேலைக்கு இந்த விதியைப் பொருத்தும்போது, "உரிய கவனம்" என்ற சொற்களில்தான் வழக்கு தங்கும். கண்ணுக்குத் தெரியும் குறைகளுக்கு இந்த விதி உதவாது. சாய்வாக ஒட்டிய டைல்ஸ், மூடாத கதவு, தண்ணீர் வடியாத வாட்டம் ஆகியவை ஒப்படைத்த அன்றே தெரிந்தவை. இரண்டாண்டு அன்றே தொடங்கிவிடும். மறைந்த குறைகளில் முதல் அறிகுறியே ஆபத்தானது. 2022 மழையிலேயே ஒரு மூலையில் லேசாக ஓதம் தெரிந்து, "புது பெயின்ட், அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டுக்காரர் விட்டிருந்தால், எதிர்த்தரப்பு அந்த நாளைத்தான் பிடிக்கும்.

நம் ஊர் மழைக்கணக்கும் இதில் சேர்கிறது. சென்னையில் ஆண்டு மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். ஜனவரியில் முடித்த தளவேலைக்கு முதல் சோதனை வர ஒன்பது மாதங்கள் ஆகின்றன. பருவமழை பொய்த்த ஆண்டு சோதனையே இல்லாத ஆண்டு. முடித்த நாளிலிருந்து இரண்டாண்டு என்று கணக்கிட்டால் வீட்டுக்காரர் கையில் இருப்பது உண்மையில் இரண்டு மழை; ஒரு மழை தவறினால் ஒன்றே ஒன்று. கண்டறிந்த நாளிலிருந்து கணக்கிடுவதே இத்தகைய வேலைக்கு நியாயம் என்பதற்கு இதைவிட எளிய காரணம் தேவையில்லை.

ஆணையத்தின் மற்ற வசதிகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். கொடுத்த பணம் 50 லட்சம்வரை மாவட்ட ஆணையம். 5 லட்சம்வரை கட்டணம் இல்லை. புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே பதியலாம். நிலத்தைக் கொடுத்துவிட்டுக் கட்டுநரோடு பங்குபோடும் கூட்டு ஏற்பாட்டில் நில உரிமையாளரும் நுகர்வோர் ஆகலாம் என்று 2008இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

6. ரேராவின் ஐந்தாண்டு யாருக்கு?

"இப்போதுதான் ஐந்து வருஷம் ஆக்கிவிட்டார்களே" என்ற பேச்சு பரவலாகக் கேட்கிறது. ரேரா எனப்படும் 2016ஆம் ஆண்டு மனை விற்பனை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14(3) பிரிவைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். கட்டமைப்பு, வேலைத்திறன், தரம், சேவைகள் ஆகியவற்றிலுள்ள குறையை, வீட்டை ஒப்படைத்த ஐந்தாண்டுக்குள் கட்டுநரின் கவனத்துக்குக் கொண்டுவந்தால், அவர் முப்பது நாளில் செலவின்றிச் சரிசெய்ய வேண்டும், தவறினால் இழப்பீடு.

இது வழக்குப் போடும் கெடு அல்ல, தெரிவிக்கும் கெடு. இரண்டும் வேறு. அதோடு, இது விற்பனைக்காகக் கட்டும் கட்டுநருக்கு எதிராக, அவரிடம் வீடு வாங்கியவருக்கு உள்ள உரிமை. தன் மனையில் மேஸ்திரி வைத்துக் கட்டியவருக்கு இதில் இடமில்லை. வாங்கிய ஃபிளாட்டில் பின்னால் தானே ஆள்வைத்து மாடுலர் கிச்சனோ ஏசியோ பொருத்திக்கொண்டவருக்கும் அந்த வேலைக்காக இது கிடைக்காது. 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்தில் அல்லது எட்டுக்கு மேற்படாத வீடுகளோடு கட்டும் திட்டங்களுக்குப் பதிவே தேவையில்லை. நம் ஊர்ப் புறநகர்களில் எழும் சிறு ஃபிளாட்டுகள் பலவும் அந்த அளவுக்குள் அடங்குபவை. இதே சட்டத்தின் 18(2) பிரிவு, நில உரிமைக் குறைபாட்டுக்கான இழப்பீட்டுக்குக் காலவரம்பே கிடையாது என்கிறது. பத்திரத்தில் உள்ள ஓட்டையை நாடாளுமன்றம் தளத்தில் உள்ள ஓட்டையைவிடக் கனமாக எடுத்துக்கொண்டிருக்கிறது.

7. வாரண்டி என்னும் மயக்கம்

"ஒரு வருஷ வாரண்டி முடிஞ்சுபோச்சு சார், இனி ஒன்னும் பண்ண முடியாது." இந்த வாக்கியம் பல நியாயமான கோரிக்கைகளைத் தொடக்கத்திலேயே கொன்றிருக்கிறது. வாரண்டி என்பது பொருளோ வேலையோ எவ்வளவு காலம் தாங்கும், அதுவரை இலவசமாகச் சரிசெய்து தருவோம் என்ற வாக்குறுதி. காலவரம்பு என்பது அந்த வாக்குறுதி உட்பட எந்தக் கடமை மீறப்பட்டாலும் நீதிமன்றம் போவதற்கான அவகாசம். முன்னது முடிவதால் பின்னது முடியாது. வாரண்டியின் கடைசி நாளில் கேட்டு மறுக்கப்பட்டிருந்தால் அன்றுதான் கெடுவே தொடங்குகிறது.

வாரண்டி அட்டையின் பின்பக்கத்தில், இத்தனை மாதத்துக்குள் கோராவிட்டால் எல்லா உரிமையும் அற்றுப்போகும் என்று அச்சடித்திருந்தால்? இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆம் பிரிவை 1997இல் திருத்தியபோது இதற்கு வழி செய்தார்கள். குறிப்பிட்ட காலத்துக்குப் பின் ஒருவரின் உரிமையை அழித்து, அதை அவர் வலியுறுத்த முடியாதபடி செய்யும் உடன்பாடு அந்த அளவுக்குச் செல்லாது. கெடுவைச் சுருக்க ஒப்பந்தத்தால் முடியாது. நீட்டவும் முடியாது, காலவரம்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது. ஆனால் வாக்குறுதியை நீட்டலாம். பத்தாண்டு ஒழுகாது என்று எழுத்தில் வாங்கியவருக்கு ஒன்பதாம் ஆண்டு ஒழுகினால் ஒன்பதாம் ஆண்டில்தான் மீறல். 55ஆம் இனத்தின் இறுக்கத்திலிருந்து வெளியேற, ஒப்பந்தம் செய்யும் நேரத்திலேயே கையிலிருக்கும் வழி இது ஒன்றே.

வேலை முடிந்தபின் நடக்கும் பேச்சுவார்த்தைக்கு அந்தச் சக்தி கிடையாது. கடிதமோ வக்கீல் நோட்டீசோ அனுப்பிக்கொண்டிருப்பதால் மட்டும் காலம் நிற்காது. எதிர்த்தரப்பு தன் பொறுப்பை எழுத்தில், கையொப்பத்துடன், கெடு முடியும் முன் ஒப்புக்கொண்டால் காலவரம்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு புதிய கெடு தரும். வாட்ஸப் செய்தி கையொப்பமிட்ட எழுத்தாகுமா என்று ஒரு வாதம் நடக்கும். அதைத் தாண்டினாலும் உள்ளடக்கம் முக்கியம். "நாளைக்கு ஆள அனுப்புறேன் சார்" என்பதில் பொறுப்பேற்பு இல்லை. "நம்ம ஆளுங்க செஞ்சதுலதான் கோளாறு, சரிபண்ணித் தர்றேன்" என்பதில் இருக்கிறது. வந்து அரைகுறையாகப் பழுது பார்த்துவிட்டுப் போனால், அந்தப் பழுதுபார்ப்பே ஒரு புதிய மீறல் என்று 55ஆம் இனத்தின் "அடுத்தடுத்த மீறல்கள்" பகுதியைக் காட்டி வாதிடலாம். ஆனால் புதிய வேலையின் குறைக்கு மட்டுமே அது செல்லும்.

8. பிறர் கண்ட வழிகள்

இங்கிலாந்து இந்தச் சிக்கலை ஒரு புகைபோக்கியால் உணர்ந்தது. 1969இல் கட்டிய தொழிற்சாலைப் புகைபோக்கியின் உட்பூச்சில் 1970க்குள் விரிசல் விட்டது, உரிமையாளருக்குத் தெரிந்தது 1977இல், வழக்கு 1978இல். விரிசல் விட்ட நாளிலிருந்தே ஆறாண்டு ஓடிவிட்டது என்று 1982இல் பிரெல்லி வழக்கில் பிரபுக்கள் சபை தள்ளியது. இந்த முடிவின் கடுமை 1986இல் மறைசேதச் சட்டத்துக்கு வழிவகுத்தது: தெரிந்த நாளிலிருந்து மூன்றாண்டு, எப்படியும் பதினைந்து ஆண்டில் முற்றும். இதுவும் கவனக்குறைவு வழக்குகளுக்கு மட்டும்தான்; ஒப்பந்த வழக்குகளுக்கு நீளவில்லை. கிரென்ஃபெல் தீ விபத்துக்குப் பின் வந்த 2022ஆம் ஆண்டுக் கட்டடப் பாதுகாப்புச் சட்டம், குடியிருப்புக் குறைபாடுகளுக்கான கெடுவை ஆறிலிருந்து பதினைந்து ஆண்டாக்கியது. பழைய வீடுகளுக்குப் பின்னோக்கி முப்பது ஆண்டாக்கியது. அதுவரை புதிதாக வீடு உண்டாக்கும் வேலைக்கு மட்டும் இருந்த கடமையை, இருக்கும் வீட்டில் தொழில்முறையில் செய்யும் வேலைக்கும் விரித்தது.

பிரான்சின் அனுபவம் நம் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. அங்கே ஏற்பு நாளிலிருந்து ஓராண்டு எல்லாக் குறைக்கும், ஈராண்டு பிரித்தெடுக்கக்கூடிய சாதனங்களுக்கு, பத்தாண்டு கட்டடத்தின் உறுதியையோ பயன்பாட்டையோ கெடுக்கும் குறைக்கு. பழைய வீட்டில் புதிதாகப் பொருத்திய சாதனம் எதில் சேரும்? ஒரு வெப்ப பம்ப் வழக்கில் 2017 ஜூனில் உயர் மேல்முறையீட்டு நீதிமன்றம், அதனால் வீடு முழுவதும் பயன்பாட்டுக்கு உதவாமல் போனால் பத்தாண்டுப் பொறுப்பு உண்டு என்றது. கணப்படுப்பு ஒன்றால் வீடு எரிந்த வழக்கில் 2024 மார்ச்சில் அதே நீதிமன்றம் பின்வாங்கியது: பொருத்தியது தன்னளவில் ஒரு கட்டுமானமாக இல்லாவிட்டால் பத்தாண்டும் இல்லை, ஈராண்டும் இல்லை, பொது ஒப்பந்தச் சட்டம்தான். பொருத்து வேலை எந்தப் பெட்டிக்குள்ளும் அடங்காமல் நழுவுவது நமக்கு மட்டுமான சங்கடம் அல்ல.

பிரான்சின் பத்தாண்டு வெறும் காகிதமாகப் போகாததற்குக் காரணம் 1978 ஜனவரியின் ஸ்பினெட்டா சட்டம். பத்தாண்டுப் பொறுப்புக்குக் காப்பீடு எடுப்பதை அது கட்டாயமாக்கியது. கட்டியவர் கடையை மூடிவிட்டுப் போனாலும் காப்பீட்டு நிறுவனம் நிற்கும்.

9. திருத்தம் எந்த இடத்தில் தேவை

கெடுவை மூன்றிலிருந்து ஐந்தாக்குவது எளிய கோரிக்கை, பயனும் குறைவு. 55ஆம் இனத்தின் தொடக்கம் மீறல் நாளிலேயே நிற்கும்வரை, ஆறாம் ஆண்டில் வெளிப்படும் குறைக்கு ஐந்தாண்டும் பயனில்லை. மறைந்த குறைக்குக் கண்டறிந்த நாளைத் தொடக்கமாக்கி, மேலே ஓர் இறுதி வரம்பு வைப்பதே பொருத்தம். அந்த இறுதி வரம்பு கட்டாயம் தேவை. பதினைந்து ஆண்டு கழித்து வந்து, நீ போட்ட பைப் வெடித்தது என்று ஒரு பிளம்பரைக் கூண்டில் ஏற்றினால், அவரிடம் அந்த வேலையின் பில்லும் இருக்காது. உடன் வேலை செய்த ஆளும் இருக்கமாட்டார். வீட்டுக்காரர் இடையில் யாரை வைத்து எதை மாற்றினார் என்பதும் தெரியாது. காலவரம்புச் சட்டம் இருப்பதன் நியாயமே அதுதான்.

கெடு எவ்வளவு நீண்டாலும், கூலிக்கு ஆள்வைத்து வேலை பார்க்கும் ஒரு மேஸ்திரியிடமிருந்து பத்து லட்ச ரூபாய்த் தீர்ப்பை நிறைவேற்றி வாங்க முடியாது. இந்தியாவில் அவருக்குக் கட்டாயக் காப்பீடு இல்லை. ரேராவின் 16ஆம் பிரிவு காப்பீட்டைப் பற்றிப் பேசுகிறது. அதுவும் கட்டுநரின் திட்டங்களுக்கு, அதுவும் மாநில அரசு அறிவிக்கை செய்தால். தனிவீட்டு வேலை அதன் கண்ணில் படவேயில்லை.

இந்த நிலையில் பழைய நடைமுறை ஒன்றின் சட்ட மதிப்பைக் குறிப்பிட வேண்டும். பொதுப்பணித் துறை ஒப்பந்தங்களில் ஒரு தொகையைப் பிடித்தம் வைத்து, குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடிந்தபின் திருப்பித் தருவது நெடுநாள் வழக்கம். தனிவீட்டு வேலையிலும் கடைசித் தவணையை மழை முடிந்தபின் தருவதாக முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளலாம். காலவரம்பு வழக்குத் தொடுப்பதைத்தான் தடுக்கிறது. தன்மேல் வந்த வழக்கில் ஒருவர் சொல்லும் எதிர்வாதத்தைத் தடுப்பதில்லை. பணத்தை நிறுத்தி வைத்தவர்மீது காண்டிராக்டர் 18ஆம் இனத்தின்கீழ் வழக்குப் போட்டால், வேலை சரியில்லை என்று வீட்டுக்காரர் சொல்வதற்குக் கெடு கிடையாது. அதற்கு மேல் இழப்பீடும் வேண்டும் என்று எதிர்க்கோரிக்கை வைத்தால் மட்டும், காலவரம்புச் சட்டத்தின் 3(2) பிரிவின்படி அது தனி வழக்காகக் கருதப்பட்டு, கோரிக்கை வைத்த நாளைக்கொண்டு கெடு பார்க்கப்படும். பிடித்து வைத்த தொகை அளவுக்கு வீட்டுக்காரர் பாதுகாப்பாக இருக்கிறார். அதைத் தாண்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் மறுபடி 55ஆம் இனத்தோடுதான் மோத வேண்டும்.